ரமணியைத் தெரியாது என்றவனுக்காக

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் வணிகப் பெருந்தகை, என் அன்புக்கும் அவ்வப்போது என் கோபத்துக்கும் உரிய சத்தியநாராயணன் அவர்களே! அழைப்பிதழில் என் பெயரை அச்சகத்தின் பெயருக்குச் சற்று மேலே போட்டுக் கௌரவித்த நாடக மன்றச் செயலாளர் ஸ்ரீஸ்கந்தராசா அவர்களே! முன்வரிசையில் வீற்றிருக்கும் முதுபெரும் கலைஞர்களே! சமையலை முடித்து, பிள்ளைகளை ரியூஷனில் இறக்கிவிட்டு, நாடகத்துக்கென்று நேரம் திருடி வந்திருக்கும் தாய்மார்களே! கதிரை கிடைக்காமல் பின்சுவரில் சாய்ந்து நிற்கும் இளைஞர்களே! திரைக்குப் பின்னால் முகத்தில் மாவைப் பூசிக்கொண்டு, இந்த மனிதன் எப்போது முடிப்பான் என்று முணுமுணுக்கும் என் நடிகர்களே! அனைவருக்கும் என் வணக்கம்.

நாடகம் தொடங்குமுன் ஆசிரியர் என்ற முறையில் இனிமையாக நாலு வார்த்தை பேசும்படி என்னைப் பணித்திருக்கிறார்கள். இனிமை என்னிடம் இல்லை. இருந்த இனிமையெல்லாம் போன முறை இந்த நாடகத்துக்கு வந்த விமர்சனத்தோடு தீர்ந்துவிட்டது. ஆகையால் இன்று ஒருவனுக்காக வழக்காட வந்திருக்கிறேன். அவன் பெயர் உலகப்பன். அவன் நான் படைத்தவன். ஆனால் கொழும்பில் இன்று அவனைப்போல் வெறுக்கப்படும் மனிதன் வேறொருவன் இல்லை!

‘அடுத்த இருக்கை’ நாடகத்தைப் பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். உலகப்பன் கொட்டாஞ்சேனைப் பிள்ளை. தகப்பனுக்குச் செட்டியார் தெருவில் நகைக்கடை. அவனுக்குக் கொழும்பு விலாசத்தில் அடையாள அட்டை. நாக்கில் தண்ணீர்போல் ஓடும் சிங்களம். ரமணி சாவகச்சேரிப் பிள்ளை. யுத்தத்தில் ஊரை இழந்து, வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜ் அறையில், கனடாவிலிருந்து அண்ணன் கூப்பிடுவான் என்று காத்திருப்பவள். இருவரும் பம்பலப்பிட்டியில் ஒரே கணக்கியல் வகுப்பு. அடுத்தடுத்த இருக்கை.

நண்பர்கள்! வெறும் நண்பர்கள்! மழைக்கு ஒரு குடை, பசிக்கு ஒரு பனிஸ், பகிடிக்கு ஒரு பட்டாளம். பஸ்ஸில் யாரும் அவளை ஏமாற்றக்கூடாதென்று அவன் அவளுக்குச் சிங்களம் படிப்பிக்கிறான். தோழிகள் சீண்டுகிறார்கள்: “என்னடி, இண்டைக்கு உன்ர செட்டியார் வரேல்லையோ?” அவள் சீறுகிறாள்: “விசர்க் கதை கதையாதை. அவன் எனக்கு வாத்தி.” “வாத்திக்கு ஏனடி விளாங்காய்க்கு உப்புத்தூள் போட்டுக் கொண்டு வாறாய்?” நட்பு எந்த நிறுத்தத்தில் இறங்கியது, காதல் எந்த நிறுத்தத்தில் ஏறியது, இருவருக்கும் தெரியாது.

பிறகு அந்த நாள். காலி நகர்வரை ஓடும் காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்குகிறார்கள். அட்டைகளைப் பார்க்கிறார்கள். பிறந்த இடத்தைப் பார்த்ததும் ரமணியை ஒதுக்கி நிறுத்துகிறார்கள். பக்கத்தில் நின்ற உலகப்பனிடம் பொலிஸ்காரன் கேட்கிறான்: “மெயாவ தன்னவாத?” இவளைத் தெரியுமா?

“நே சேர். தன்னே நே.” இல்லை ஐயா, தெரியாது.

அவளுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு அவன் படிப்பித்த முதல் சிங்கள வசனமே அதுதான்! யாராவது வீதியில் எதையாவது கேட்டால் இதைச் சொல்லித் தப்பிக்கொள் என்று அவனே பாடமாக்கக் கொடுத்த வசனம்! அவள் ஜீப்பில் ஏறுகிறாள். அவன் பஸ்ஸில் ஏறுகிறான். லொட்ஜ் முதலாளி வந்து கையெழுத்து வைக்கும்வரை அவள் ஒரு பொலிஸ் நிலையத்து மர வாங்கில் இருக்கிறாள். அவன் வீட்டில் இருக்கிறான்.

(என்ன அம்மா? “தூ” என்றீர்களா? துப்புங்கள். போன முறை கொட்டாஞ்சேனையில் மேடையேற்றியபோது ஒரு தாய் எழுந்து நின்று, “நாசமாப் போவான், ஒரு குடைக்குள்ள திரிஞ்சவளைத் தெரியாதாமே!” என்று கத்தினார். நீங்கள் எவ்வளவோ மரியாதையானவர்.)

உலகப்பனாக நடிக்கும் முத்துலிங்கம் ஒரு வங்கி எழுதுவினைஞர், வாயில்லாப் பிராணி. மறுநாள் காலை வெள்ளவத்தைச் சந்தைக்குப் போயிருக்கிறார். மரக்கறி விற்கும் ராக்கம்மா தராசைக் கீழே வைத்துவிட்டாராம். “ஒங்களுக்குக் கத்திரிக்கா இல்ல. அந்தப் புள்ளயத் தெரியாதுன்னு சொன்ன ஆளுதானே நீங்க?” இவர் பதறி, “ஐயோ அம்மா, அது நாடகம். உலகப்பன் ஆரெண்டே எனக்குத் தெரியாது” என்றிருக்கிறார். ராக்கம்மா பக்கத்துக் கடைக்காரியைப் பார்த்து, “பாத்தியா, பாத்தியா! இப்ப அவனையும் தெரியாதாம்!” என்றாராம்.

சிரியுங்கள். நானும் சிரித்தேன். ராக்கம்மாவின் கோபம் சுத்தமான கோபம். அதை நான் தலைமேல் வைத்துக் கொண்டாடுவேன். ஆனால் ‘கோழையைக் கதாநாயகனாக்கிய கோளாறு’ என்று வார இதழில் எழுதிவிட்டு, இன்று மூன்றாம் வரிசையில் கால்மேல் கால் போட்டு அமர்ந்திருக்கிறாரே ஒரு பெரியவர், அவருடைய கோபம் அப்படியல்ல. ஐயா, நான் மறக்கவில்லை. மறக்கும் பழக்கம் எனக்குக் கிடையாது.

அதற்குப் பிறகு மன்றத்தின் செயற்குழு கூடியது. “சேர், ஒரே ஒரு வசனம்தான்” என்றார் செயலாளர். “லொட்ஜ் வாசல் காட்சியில அவன் வந்து, ‘உன்னைக் காப்பாத்தத்தான் அப்பிடிச் சொன்னனான்’ எண்டு சொல்லட்டும். சனம் அழுதுகொண்டு வீட்ட போகும்.”

“அவன் அவளைக் காப்பாற்றவில்லையே” என்றேன்.

“அது உங்களுக்கும் எனக்கும் தெரியும். சனத்துக்கு ஏன்?”

இன்னோர் உறுப்பினர் குறுக்கிட்டார்: “வசனம் வேண்டாமெண்டால் ஆளைச் சாகடியுங்கோ. செத்தால் மன்னிச்சிடலாம்.”

பாருங்கள் எங்கள் கருணையை! செத்தவனை மன்னிப்போம், தியாகியை மன்னிப்போம், பயந்துவிட்டு உயிரோடு வந்து நிற்பவனை மட்டும் மன்னிக்கமாட்டோம்! அந்த வசனம் இல்லாவிட்டால் இந்த மண்டபத்தில் இந்தத் திரை எழாது என்பதுதான் செயற்குழுவின் தீர்மானம். அதைச் சபையில் சொல்லவேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார்கள். சொல்லிவிட்டேன்.

மணி அடிக்கிறீர்களா, செயலாளர் அவர்களே? அடியுங்கள். அந்த மணிக்கு அடங்குகிற தொண்டை இது இல்லை.

அன்பர்களே! பஸ்களை மறித்த அந்த வீதித் தடைகளை எடுத்து முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை. அதற்குள் இந்த நகரம் முழுவதும் வீரர்கள் முளைத்துவிட்டார்கள்! யாரைக் கேட்டாலும் நெஞ்சை நிமிர்த்தி நின்றவர். யாரைக் கேட்டாலும் பொலிஸ்காரனை எதிர்த்துக் கேள்வி கேட்டவர். அப்படியென்றால் ஊரிலிருந்து வந்த மருமகனைப் பொலிஸ் பதிவு இல்லை என்று வாசலோடு அனுப்பியது யார்? பக்கத்து வீட்டுக் கதவு தட்டப்பட்டபோது “எங்களுக்கு ஏன் வில்லங்கம்” என்று வானொலியைச் சத்தமாக வைத்தது யார்? பஸ்ஸுக்குள் தமிழில் கதைத்த பிள்ளையின் வாயைப் பொத்தியது யார்? உலகப்பன் ஒருவனா? இந்த நகரத்தின் பயம் முழுவதையும் அந்த ஒற்றை இளைஞனின் தலையில் கட்டிவிட்டுத் தோளைத் தட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று பார்க்கிறீர்களா? விடமாட்டேன்!

அவனை மன்னியுங்கள் என்று நான் கேட்கவில்லை. மன்னிப்பது ரமணியின் வேலை. உங்களுடையதும் அல்ல, என்னுடையதும் அல்ல. விளங்கிக்கொள்ளுங்கள் என்கிறேன். மன்னிப்பதற்கும் விளங்கிக்கொள்வதற்கும் நடுவே காலி வீதியின் அகலம் இருக்கிறது.

கொட்டாஞ்சேனையில் அன்று நாடகம் முடிந்து சனம் கலைந்தபின் ஒரு பெண்மணி என்னிடம் வந்தார். பெயர் நளீபா, தையல்காரி. “சேர், அந்தப் பொடியனுக்குக் கன்னத்துல நல்லா ஒண்டு குடுத்திருக்கோணும்” என்றார். சரி, இதுவும் வழக்கமான வசைதான் என்று நினைத்தேன். “குடுத்துப் போட்டு, கலியாணத்தையும் முடிச்சு வெச்சிருக்கோணும்” என்றார்.

“ஏன் அம்மா?”

“ரெண்டாவது பொய் சொல்லல்லயே சேர். என்ட மனுசன் எல்லாத்துக்கும் ரெண்டாவது பொய் ஒண்டு வெச்சிருப்பார்.”

பல்கலைக்கழகத்தில் படித்த விமர்சகருக்குப் புலப்படாதது ஒரு மனைவிக்குப் புலப்பட்டது. ஏனென்றால் அவர் ஒருவனோடு வாழ்ந்து பார்த்தவர். ரமணியை ஜீப்பில் ஏற்றிய மறுநாள் காலை லொட்ஜ் வாசலில் நடக்கும் அந்தக் காட்சியை இப்போதே சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்தால் ரசம் கெடும் என்பார்கள், கெடட்டும்.

உலகப்பன் வருகிறான். ரமணி கதவைப் பாதி திறந்து நிற்கிறாள். அவனுக்கு முன்னால் பளபளக்கும் ஒரு பொய் கிடக்கிறது. ‘உன்னைக் காப்பாற்றத்தான்.’ குனிந்து எடுத்தால் போதும். அவள் நம்புவாள். நம்ப ஆசைப்பட்டுக்கொண்டுதான் நிற்கிறாள்! எடுத்தால் அவன் வீரன். எடுத்தால் அவள் அவனுடையவள். அவன் எடுக்கவில்லை.

“பயந்துட்டேன் ரமணி. ஒனக்காக இல்ல. எனக்காகத்தான்.”

“ஓம். கண்டனான்.”

“என்னை ஏசு.”

“ஏசினால் உனக்குச் சுகமாயிருக்கும். ஏசமாட்டன்.” பிறகு, கதவைச் சாத்துமுன்: “நாளைக்கு வகுப்புக்கு வா. எனக்குப் பக்கத்தில இராதை. பின்னுக்கு இரு.”

அவன் பின்னுக்கு இருக்கிறான். மாதக்கணக்காக இருக்கிறான். அடுத்த இருக்கையில் அவளுடைய பைதான் இருக்கிறது. ஒருநாள், எந்த விளக்கமும் இல்லாமல், அவள் அந்தப் பையைத் தூக்கித் தன் மடியில் வைக்கிறாள். அவ்வளவுதான் என் நாடகம்.

இப்போது சொல்லுங்கள்! அன்று வீதியில் அவன் ஒரு பொய் சொன்னான். துப்பாக்கிக்கு முன்னால் சொன்னான். செயற்குழு கேட்பது அவளுடைய முகத்துக்கு முன்னால் இன்னொரு பொய்! முதல் பொய்யில் அவன் அவளை இழந்தான். இரண்டாவது பொய்யை மறுத்த இடத்தில்தான் அவளைப் பெற்றான். அந்த இடத்தைப் பிடுங்கிக்கொண்டு, அங்கே ஒரு பொய்யை நட்டு, அதற்குக் காதல் என்று பெயரும் வைக்கச் சொல்கிறீர்களே! குறையில்லாத ஒருவனை நேசிக்க ரமணி எதற்கு? அவனை யாரும் நேசிப்பார்களே! அவனுடைய மிகக் கேவலமான நிமிடத்தைக் கண்ணெதிரே கண்டவள், கண்ட பின்பும் நெடுநாள் யோசித்து, தன் பையைத் தானே எடுத்தாளே, அவளை முட்டாள் என்கிறீர்களா? அவளுடைய தீர்ப்பைத் திருத்த நாம் யார்?

வசனம் சேர்க்கப்படாது! நான் எழுதமாட்டேன்! என் பெயரை அழைப்பிதழிலிருந்தே எடுத்தாலும் எழுதமாட்டேன்!

ஆனால் ஓர் உண்மையைச் சொல்லவேண்டும். செயலாளர் அந்த வசனத்தைத் தானே எழுதி, போன கிழமை ஒத்திகையில் என்னைக் கேளாமல் முத்துலிங்கத்திடம் கொடுத்துவிட்டார். திரை எழுந்தபின் நான் மேடைக்கு ஓடிவந்து நடிகரின் வாயைப் பொத்தமுடியாது. ஆகவே இந்த வழக்கின் நீதிபதி நானும் அல்ல, தலைவரும் அல்ல. முத்துலிங்கம், திரைக்குப் பின்னால் நிற்கிறீர்கள், கேட்கிறீர்கள், எனக்குத் தெரியும். அந்த வசனத்தைச் சொன்னால் கைதட்டுவார்கள். சந்தையில் கத்தரிக்காயும் கிடைக்கும். சொல்லாவிட்டால் கூச்சல், ஏச்சு, ஒருவேளை இனி இந்த மன்றத்தில் உங்களுக்கு வேடமே இல்லை. பயமாக இருக்கிறதா? இருக்கும். உங்களை நான் வற்புறுத்தமாட்டேன். உங்களுக்குப் பயம் வந்தால் அதையும் விளங்கிக்கொள்வேன்; இவ்வளவு நேரம் இதைத்தானே பேசினேன்!

யார் அது திரையை விலக்குவது? முத்துலிங்கம்தான். பாதி முகத்துக்குத்தான் பூசியிருக்கிறார். என்ன சொல்கிறீர்கள்? உரத்துச் சொல்லுங்கள், பின்சுவர் வரைக்கும் கேட்கட்டும்.

“சேர், அந்த வசனத்தை நான் பாடமாக்கவே இல்லை!”

கேட்டீர்களா! கேட்டீர்களா, செயலாளர் அவர்களே! தலைவர் சிரிக்கிறார். தலைவர் கையைக் காட்டுகிறார், தொடங்கட்டும் என்று.

இவ்வளவு நேரம் என் கடுஞ்சொல்லைக் கேட்டுக்கொண்டிருந்த பெரியோர்களுக்கும், தாய்மார்களுக்கும், துப்பியும் எழுந்து போகாத அந்த அம்மாவுக்கும் என் நன்றி. அந்த விமர்சகருக்கும் நன்றி. அவர் இல்லாவிட்டால் எனக்கு இவ்வளவு பேச்சு வந்திராது. முத்துலிங்கம், உள்ளே போய் மற்றப் பாதி முகத்துக்கும் பூசிக்கொள்ளுங்கள். சபையோரே, இனி உலகப்பனை உங்கள் முன் விடுகிறேன். விரும்பினால் ஏசுங்கள். முழுவதும் பார்த்துவிட்டு ஏசுங்கள்.

வணக்கம்.