அக்காவுக்கு நீலப் பை

எனக்கு மீன் ஆகாது. சின்ன வயதில் தொண்டையில் முள் சிக்கியதிலிருந்து அந்த வாடையே பிடிக்காமல் போய்விட்டது. அக்காவும் தங்கையும் அப்படியில்லை. மீன் இருந்தால் போதும், இரண்டு பேருக்கும் சோறு நாலு கவளம் கூடுதலாக இறங்கும். இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றது உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

ஏரித் தண்ணீரைப் பரிசோதிக்கும் ஆய்வகத்தில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிறேன். கோடையில் ஏரிக்குக் குளிக்க வருகிறவர்கள் உடம்பெல்லாம் சன்ஸ்கிரீனைப் பூசிக்கொண்டு இறங்குவார்கள். மத்தியானத்துக்குள் கரையோரம் எண்ணெய்ப் படலம் மினுங்கும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். அதிலுள்ள ரசாயனம் பாசியில் ஒட்டி, பாசியைத் தின்னும் பூச்சிக்குப் போய், பூச்சியைத் தின்னும் மீனின் கொழுப்பில் தங்குகிறது. ஐந்து வருடம் மீனை அறுத்து அறுத்து இதைத்தான் காட்டிக்கொண்டிருந்தேன்.

எங்கள் அதிகாரிக்கு நாங்கள் வைத்த பெயர் ‘பார்க்கலாம்’. எதைக் கொண்டுபோனாலும் அதைச் சொல்லித்தான் திருப்பி அனுப்புவார். ஒருநாள் மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார்.

“மீனுக்குத்தானேய்யா சேருது? அதைச் சாப்பிடுற மனுஷனுக்கு என்ன ஆச்சுன்னு கொண்டு வா, பார்க்கலாம்.”

நியாயமான கேள்வி. அவர் மேல் எனக்கு இப்போதும் கோபமில்லை.

ஏரியில் ஒரு கூண்டு கட்டி மீன் வளர்த்தேன். தானாகச் சேரட்டும் என்று விட்டால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் ஆய்வகத்தில் இருந்த அதே ரசாயனத்தைத் தீவனத்தில் பிசைந்து போட்டேன், கை கொஞ்சம் தாராளமாகவே. யாரும் குளிக்காத மேட்டுக் குளத்தில் இன்னொரு கூண்டு. அதற்கு வெறும் தீவனம். ஒப்பிட்டுப் பார்க்க எப்போதும் இரண்டு வேண்டும். ஒன்றை மட்டும் வைத்து முடிவு சொன்னால் எங்கள் தொழிலில் சிரிப்பார்கள்.

சாப்பிடுகிறவர்களும் இரண்டு பேர் வேண்டும். ஒரே ரத்தம், ஒரே கைப்பக்குவம், அடுத்தடுத்த வீடு. வேறு எங்கே போய்த் தேடுவது?

யாருக்கு எது என்று ஒரு வாரம் யோசித்தேன். ஈவிரக்கம் இல்லாதவன் என்று என்னை எண்ணிவிடாதீர்கள். தங்கை கல்யாணமாகி ஒன்பது வருடம் கழித்து உண்டாகியிருந்தாள். அப்போது நாலாம் மாதம். அவள் நடை பழகியதே என் விரலைப் பிடித்துத்தான். அக்கா பெற்று வளர்த்து முடித்தவள். ஆகவே ஏரி மீன் நீலப் பையில் அக்காவுக்கு, சுத்தமான மீன் வெள்ளைப் பையில் தங்கைக்கு. மொத்தம் பத்து வாரம்.

ஞாயிறு காலையில் பைகளைக் கொடுப்பேன். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சர்க்கரை பார்க்கிறேன் என்று சொல்லி ரத்தம் எடுப்பேன். தங்கை ஊசியைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

“அண்ணா குத்துனா வலிக்கவே மாட்டேங்குது. ஆஸ்பத்திரிக்காரங்க உன்கிட்ட வந்து கத்துக்கணும்” என்பாள்.

முதல் இரண்டு தடவையும் எதுவும் தெரியவில்லை. ஆறாவது வாரம் தங்கையின் ரத்தத்தில் ரசாயனம் ஏறியிருந்தது. அக்காவின் ரத்தத்தில் துளிகூட இல்லை. குழாயில் பெயர் மாற்றி ஒட்டிவிட்டேனோ என்று மூன்று முறை சரிபார்த்தேன். பிறகு அக்கா வீட்டுக்குப் போய், மீன் எப்படி இருக்கிறது என்று பேச்சுவாக்கில் கேட்டேன். அக்கா சிரித்தாள்.

“எனக்குக் குடுக்கறதுதான்டா நல்லாக் கொழுகொழுன்னு இருக்கு. வாயும் வயிறுமா இருக்கறவ அவதானே நல்லதாத் திங்கணும்? வாராவாரம் பையை மாத்திக்கிறோம். சொன்னா நீ கோவிச்சுக்குவேன்னுதான் சொல்லல.”

அக்காவுக்கு எப்போதுமே அள்ளிக் கொடுக்கிற கை. அவள் போட்டுக் கொடுத்த காப்பியை முழுவதும் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

அன்றைக்கே நிறுத்தியிருக்கலாம். நீங்கள் கேட்பதற்கு முன்பே நானே என்னைக் கேட்டுக்கொண்டுவிட்டேன். ஆனால் பாதியில் நிறுத்தினால் தங்கை அதுவரை சாப்பிட்டதெல்லாம் வீணாகப் போய்விடும். அட்டவணையில் அவர்கள் இருவரின் பெயரையும் இடம் மாற்றி எழுதினேன். அடுத்த ஞாயிறும் நீலப் பையை அக்கா கையில்தான் கொடுத்தேன். அதற்கடுத்த மூன்று ஞாயிறும் கொடுத்தேன்.

குழந்தை ஏழாம் மாதத்தில் பிறந்தது. ஆண். ஒரு பகல் முழுக்க உயிரோடு இருந்தது. காரணம் சொல்லத் தெரியவில்லை என்றார் டாக்டர். தங்கை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, “பாத்துப் பாத்துத்தானே சாப்பிட்டேன், அண்ணா” என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது, அது நடிப்பில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு நர்சிடம் போய், தொப்புள்கொடியில் ஒரு துண்டு கேட்டு வாங்கிக்கொண்டேன்.

அட்டவணையைப் படித்துவிட்டு அதிகாரி முதல் தடவையாக ‘பார்க்கலாம்’ என்று சொல்லவில்லை. உங்களுக்கு போன் செய்தார்.

எழுதிக்கொள்ளுங்கள். கூண்டு நான் கட்டியது. தீவனம் நான் பிசைந்தது. தெரிந்த பிறகும் நாலு வாரம் கொடுத்தது நான்தான். ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன், அக்காவைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். பையை மாற்றியது அவள்தான் என்றாலும் அதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவளை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.