முன் சக்கரத் தடம்

மாமா: ...இன்னொரு தடவை சுத்து மச்சான். ஸ்டார்ட் ஆகாம எங்க போயிடும்?

மெக்கானிக்: சுத்திக்கிட்டுத்தானே இருக்கேன் மாமா. இதுக்கு மேல சுத்துனா பேட்டரி படுத்துடும்.

மாமா: கேட்டுக்கு அந்தப் பக்கம் பாதி ஊர் நிக்குது. விவசாயச் சங்கத் தலைவர் மைக்கைக் கையில எடுத்துட்டாரு.

அக்கா: யார் கூப்பிட்டா? நீங்கதானே வீடு வீடாப் போய்ச் சொன்னீங்க... என் டிராக்டர் சுமையோட நிக்கிற லாரியை இழுக்கும்னு.

மாமா: இழுக்கும்டி! உள்ள இருக்கிறது லாரி இஞ்சின். பழைய டிராக்டர்ல அதைப் பொருத்துனவன் இந்த வட்டாரத்துல எவன் இருக்கான்?

மெக்கானிக்: நான் இருக்கேன் மாமா.

மாமா: நீ... போல்ட்டு முடுக்குன. யோசனை யாரோடது?

அக்கா: யோசனை பெருசாப் போய்த்தான் பானெட் மூடாம நிக்குது.

மாமா: உனக்கென்ன தெரியும்? இது வெறும் வண்டியில்லை. விவசாயத்துல ஒரு புரட்சி.

அக்கா: போன வாரம் ஷெட் சுவரை இடிச்சுச்சே, அந்தப் புரட்சியா?

மெக்கானிக்: ரெண்டு பேரும் கொஞ்சம் சும்மா இருங்க... டீசல் குழாய்ல காத்து புகுந்திருக்கு. இந்த ஸ்க்ரூவை யாரோ தளர்த்தி விட்டிருக்காங்க.

மாமா: அதிர்வுல தானாத் தளர்ந்திருக்கும்...

மெக்கானிக்: ஸ்பானர் பிடிச்ச தடம் புதுசா இருக்கே.

மாமா: பொறாமைக்காரங்க வேலை. விடு மச்சான். இன்னிக்கு ஆகாது போல. தலைவர்கிட்ட நான் ரொம்ப வருத்தத்தோட சொல்லிக்கிறேன்.

மெக்கானிக்: என்னன்னு? மச்சான் வேலை சரியில்லைன்னா? நான் போட்ட இஞ்சின் ஸ்டார்ட் ஆகலைன்னு ஒருத்தன் பேசக் கூடாது. இதோ, முடுக்கியாச்சு.

அக்கா: தம்பி... அவர்தான் வேண்டாங்கிறாருல்ல?

மெக்கானிக்: என்னக்கா, புதுசா அவர் பக்கம் சாயுற?

அக்கா: நேத்து ரெண்டு பேரும் ஓட்டிப் பார்த்தீங்களே, அந்த மண்ணைப் போய்ப் பார்த்தேன். பின் சக்கரத் தடம் முழுசா இருக்கு. முன் சக்கரத் தடம் பாதியில காணோம்.

மாமா: காத்துல அழிஞ்சிருக்கும்.

அக்கா: காத்து முன் சக்கரத்தை மட்டும் தேடி அழிக்குமா? முன்பக்கம் தூக்குச்சா இல்லையா?

மாமா: லேசா...

அக்கா: தம்பி, நீ சொல்லு.

மெக்கானிக்: இடுப்பு உயரம் தூக்குச்சு அக்கா. அதுவும் காலி வண்டி. பின்னாடி லாரியைக் கட்டி இழுத்தா...

அக்கா: இழுத்தா?

மெக்கானிக்: அப்படியே மல்லாந்து ஓட்டுறவர் மேல விழும்.

அக்கா: கேட்டீங்களா? இப்பவும் ஏறணுமா?

மாமா: மைக்ல என் பேரைச் சொல்றாங்கடி... கேக்குதா?

மெக்கானிக்: சுத்துறேன்... ச்சே, இருமிட்டு நின்னுடுச்சு. டீசல் வருது. காத்துதான் உள்ள போகலை. காத்து போற ஃபில்டரைக் கழட்டுறேன்... என்ன இது, துணியா? மாமா, உங்க பனியன்!

மாமா: என் பனியனா? அதை அங்க எவன் வச்சான்?

அக்கா: எவனோ. எனக்கென்ன தெரியும்?

மெக்கானிக்: நாலா மடிச்சு வச்சிருக்கு அக்கா. இந்த வீட்டுல துணி மடிக்கிற ஆள் நீ ஒருத்திதான்.

அக்கா: எடுக்காத... டேய், எடுக்காதடா!

மெக்கானிக்: எடுத்தாச்சு. இப்ப பாரு... பிடிச்சுக்கிச்சு! கேட்டீங்களா சத்தத்தை?

மாமா: நிறுத்துடா!

மெக்கானிக்: வெளிய கை தட்டுறாங்க மாமா. ஏறுங்க.

அக்கா: ஏறாதீங்க! ஆமா, பனியனை அடைச்சது நான்தான். ஊர் சிரிச்சா சிரிக்கட்டும். நீங்க எனக்கு முழுசா வேணும்.

மாமா: அடிப்பாவி... ஸ்க்ரூவைத் தளர்த்துனது நான்.

அக்கா: என்னது?

மாமா: நேத்து வானத்தைப் பார்த்துக்கிட்டு வண்டி ஓட்டுனேன்டி.

அக்கா: அப்ப வெளிய போய் முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே?

மாமா: எப்படி... புரட்சி பண்ணப் போறேன்னு சொல்லிட்டு? ஐயோ, கேட்டைத் திறந்துட்டாங்க. சங்கிலியோட வர்றாங்க. மச்சான், என்னடா பண்றது?

மெக்கானிக்: தைரியமா ஏறி உட்காருங்க மாமா. நேத்து நீங்க இறங்குனதுமே இஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கிற ஷாஃப்ட்டோட போல்ட்டு எல்லாத்தையும் கழட்டிட்டேன். இதோ, பாக்கெட்லதான் இருக்கு. நீங்க எவ்வளவு மிதிச்சாலும் வண்டி ஒரு அடி நகராது, சத்தம் மட்டும்தான் வரும்... உங்களுக்கு அது போதும்ல?