காத்திருக்கச் சொன்ன பழைய கணினி

காவல்துறையிடம் நான் தரும் இந்த வாக்குமூலத்தில், என் பெயரும் விலாசமும் பாதுகாப்பு கருதித் தனித்தாளில் குறிக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்து மூன்று. வீட்டில் அடிபடும் பெண்களுக்கான உதவி மையத்தில், இணையம் வழியாக வரும் செய்திகளுக்குப் பதில் எழுதுவது என் வேலை.

நேற்று மையம் புதிய கட்டடத்துக்கு மாறியது. காலையில் எங்கள் கணினிப் பொறுப்பாளர், மையத்தின் இணையப் பெயருக்குரிய எண் முகவரியை மூல சர்வரில் மாற்றினார். அந்தப் பெயருக்கு எது சரியான எண் என்று முடிவாகச் சொல்வது அந்த சர்வர்தான். மாற்றியதும் அதையே நேரடியாகக் கேட்டுச் சரிபார்த்தார். வெளியிலும் ஒருமுறை பார்க்கலாமே என்றேன். "வீட்டுக்காரரே விலாசம் சொல்றப்ப தெருவுல போய் விசாரிக்கணுமாக்கா?" என்றார். நானும் சிரித்தேன்.

அதன் பிறகு மாலையில் ஒரு பெண்ணின் செய்திக்காக உட்கார்ந்திருந்தேன். பேசினால் மாமியாருக்குக் கேட்கும் என்பதால், கணவர் வெளியே போனதும் அவள் எழுத வேண்டும், நாங்கள் வண்டி அனுப்ப வேண்டும் என்பது ஏற்பாடு. வண்டி வாசலில் நின்றது. ஓட்டுநர் இருமுறை எட்டிப் பார்த்தார். செய்தி வரவில்லை. மனம் மாறிவிட்டாள் என்று நினைத்தேன், பலர் மாறுவதுண்டு.

இன்று காலை அவளுடைய அண்ணன் வந்து, வீடு பூட்டிக் கிடக்கிறது, தங்கையின் போன் அணைந்திருக்கிறது என்றார். "நீங்கதானேம்மா அவளை இருக்கச் சொன்னீங்க? அக்கா இருக்கச் சொல்றாங்கன்னு எனக்கு அனுப்பியிருக்கா, பாருங்க." நேற்று அவளுக்கு நான் எந்தப் பதிலும் எழுதவில்லை என்றேன்.

அதன் பிறகு பொறுப்பாளர் பொது சர்வர் ஒன்றைக் கேட்டுப் பார்த்தார். அது பழைய எண்ணையே, அதாவது பழைய கட்டடத்துக் கணினியின் எண்ணையே சொன்னது. மக்களின் போன்கள் கேட்பது இத்தகைய பொது சர்வர்களைத்தான் என்றும், அவை முன்பு கேட்டறிந்த எண்ணையே, மூல சர்வர் விதித்த கெடு முடியும்வரை திருப்பிச் சொல்லும் என்றும், இடம் மாறுமுன் அந்தக் கெடுவைக் குறைக்கத் தாம் மறந்துவிட்டதாகவும் கூறினார்.

அதன் பிறகு மூவரும் பழைய கட்டடத்துக்குப் போனோம். காலியான அறையில் எங்கள் பழைய கணினி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவள் எழுதியவை அதில் இருந்தன. "கிளம்பட்டுமாக்கா?" "வண்டி வந்துருச்சா?" "அவரு வர்ற சத்தம் கேக்குது." ஒவ்வொன்றின் கீழும், ஆளில்லாத நேரத்துக்கென்று நான் எழுதிவைத்திருந்த தானியங்கிப் பதில் இருந்தது: "செய்தி கிடைத்தது. அங்கேயே இருங்கள். வருகிறோம்."

கடைசிச் செய்திக்கும் அதே பதில் போயிருந்தது. அண்ணன் அதைப் படித்துவிட்டு, திரையிலிருந்த தூசியைச் சட்டைக்கையால் துடைத்தார்.

கெடு நாளை வரை இருக்கிறது. அதுவரை அந்தக் கணினியை அணைக்க வேண்டாம் என்றும், அவள் மறுபடி எழுதினால் பதில் சொல்ல அதன் முன்னால் என்னை உட்கார விட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன். தானியங்கிப் பதிலை நிறுத்திவிட்டேன்.

நான் சொன்னவாறே எழுதப்பட்டது. படித்துக் காட்டக் கேட்டேன். கூட்டியோ குறைத்தோ எதுவும் இல்லை.

(ஒப்பம்)