ஒரு பலகை குறைந்த சுவர்

எனக்குக் காது நன்றாகக் கேட்கும், அவ்வளவுதான் ஐயா. மஞ்சூர் பஜாரில் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு பஸ் ஏறினாள் என்பதை என்னிடம்தான் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். தெரிந்ததும் என்னையே வம்புக்காரி என்பார்கள்.

பச்சைத் தேயிலை விலை படுத்துப்போனதும் வம்புக்கும் பஞ்சம் வந்துவிட்டது. எங்கள் சந்தில் பாதி வீடு பூட்டு. எல்லோரும் திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்விட்டார்கள். யாரைப் பற்றி யாரிடம் பேசுவது? மிச்சம் இருந்தது நான், என் மகள் ஷண்முகப்ரியா, பக்கத்துப் போர்ஷனில் கீர்த்திவாசன் சார்.

சார் கோயமுத்தூர்க்காரர். பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி. சட்டைக்குப் பட்டன் தைக்கத் தெரியாது, ரசம் வைத்தால் வெந்நீர். பாடம் மட்டும் தெரியும். சாயங்காலம் ஆறு பிள்ளைகளுக்கு வீட்டிலேயே டியூஷன், காசு வாங்காமல். ப்ரியாவும் போவாள். இரண்டு போர்ஷனுக்கும் நடுவில் பலகைச் சுவர். என் அடுப்படிப் பக்கம் அதில் ஒரு பலகை இல்லை. அங்கே உட்கார்ந்துதான் நான் காய் நறுக்குவேன். வெளிச்சம் நன்றாக வரும்.

ஒருநாள் இரண்டு பிள்ளைகளை எழுப்பி ஒரே குடையைப் பிடிக்கச் சொன்னார்.

"ஏனுங்க ஸ்வேதா, குடை யாருது?"

"எங்க ரெண்டு பேருதும் சார்."

"அதுதான் சகப்பிணைப்பு. யாரும் குடுத்துட்டுப் போறதில்ல, யாரும் புடுங்கிக்கிறதில்ல. ஆளுக்கொரு கை. விட்டுட்டு ஓடுனா ரெண்டு பேரும் நனைவீங்க."

எனக்குச் சிலிர்த்துவிட்டது. நானும் ப்ரியாவும் அப்படித்தானே? அவளுக்கு இரண்டு வயதில் அவள் அப்பா போனார். அன்றிலிருந்து ஒரே போர்வை.

இன்னொரு நாள் கார்பன் மோனாக்சைடு. "இதுக்கு மூணு பிணைப்பு. லேசுல பிரியாது. நிறமில்ல, வாசமில்ல. மூடின ரூம்ல கரி அடுப்பு வெச்சுட்டுத் தூங்குனா, எழுந்திருக்க மாட்டீங்க." பிள்ளைகள் சிரித்தார்கள். பரீட்சையில் எழுதினார்களோ என்னவோ, எனக்கு மறக்கவில்லை.

ப்ளஸ் டூ முடிந்து, ஜூலை மாதம் சார் வாசலில் வந்து நின்றார். "அக்கா, ப்ரியாவுக்கு கோயமுத்தூர் காலேஜ்ல சீட் கெடைச்சிருச்சுங்க. ஹாஸ்டலும்தான். திங்கக்கிழமை நானே கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துடறேன்." நான் முதல் முறை கேட்பதுபோல முகத்தை வைத்துக்கொண்டேன்.

அன்று ப்ரியா நான் பின்னிய ஸ்வெட்டரைக் கழற்றிக் கொடியில் போட்டாள். "இது எதுக்கும்மா? கீழ எல்லாரும் ஃபேன் போட்டுட்டுத்தான் தூங்குவாங்களாம்."

"அப்ப நானு?" என்றேன்.

"லீவுக்கு வருவேன்ல," என்றாள். பெட்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை நல்ல மழை. சாருக்குக் காய்ச்சல். ப்ரியா ஸ்வேதா வீட்டுக்குப் போயிருந்தாள். மதியம் சார் போர்த்திக்கொண்டு வந்து கரி அடுப்பு கேட்டார். கங்கு போட்டு நானே கொண்டுபோய் வைத்தேன். கேட்கவும் கேட்டேன் ஐயா, அதை எழுதிக்கொள்ளுங்கள். "ஜன்னலெல்லாம் சாத்தியிருக்குதுங்களே சார்?"

"சாரல் அடிக்குதுங்க. உங்க காது ஓட்டை இருக்குதுல்லக்கா, காத்துக்கென்ன பஞ்சம்?" என்று சிரித்தார். "நீங்க கேக்கறீங்கன்னுதான் நானும் சத்தமாப் பாடம் நடத்துறது. கிளாஸ்லயே நீங்கதான் நல்ல ஸ்டூடண்ட்."

யாரும் என்னை அப்படிச் சொன்னதில்லை. வந்து அடுப்படியில் உட்கார்ந்தேன். கொடியில் ஸ்வெட்டர் கிடந்தது. நான்காக மடித்து, பலகை இல்லாத அந்த இடுக்கில் வைத்தேன். அளவெடுத்ததுபோல நின்றது.

அப்புறம் பீன்ஸ் நார் எடுத்தேன். கொஞ்ச நேரம் கழித்துப் பலகையை இரண்டு தரம் தட்டினார். பதில் சொன்னால் பேச்சு வளரும். பேசினால் அவர் என்னைச் சம்மதிக்க வைத்துவிடுவார், நல்ல மனுஷர். பீன்ஸ் பிஞ்சாக இருந்தது. மூன்றாம் தரம் தட்டவில்லை.

நாலு மணிக்கு ப்ரியா வந்து, சார் கதவைத் தட்டிப் பார்த்து, ஆளைக் கூப்பிட்டு உடைத்தாள். சார் எழுந்திருக்கவில்லை. ஸ்வெட்டரின் ஒரு கை அந்தப் பக்கம் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. அவள் உருவி எடுத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஸ்டேஷனுக்குக் கொண்டுவந்து உங்களிடம் கொடுத்தாள்.

ஆமாங்கய்யா, நான்தான். தெரிந்துதான் வைத்தேன். அவர் சொல்லிக்கொடுத்ததில் ஒன்றுகூட நான் மறக்கவில்லை.

இன்று காலை முதல் பஸ்ஸில் ப்ரியா பெட்டியோடு கீழே போய்விட்டதாகச் சொல்கிறீர்கள். யாரோடு என்றுகூட நான் கேட்கவில்லை பாருங்கள். குழந்தைக்கு மனசு சரியில்லை, நாலு நாள் இருந்துவிட்டு வரட்டும். லேசில் பிரிகிற உறவா எங்களுடையது?

உங்கள் வேலை முடிந்ததும் மேஜை மேலிருக்கும் அந்த ஸ்வெட்டரை மட்டும் கொடுத்துவிடுங்கள் ஐயா. வந்ததும் அவளுக்குக் குளிரும்.