கைக்கு இருக்கற மரியாதை

சிங்காநல்லூரில் கிளம்பிய உடுமலை பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். காதுக்குப் பின்னால் பிளாஸ்திரி ஒட்டியிருந்த பெரியவர், பக்கத்திலிருந்த மருமகனிடம் சொன்னார்: "எம்பட கைக்கு இருக்கற மரியாதை காதுக்கு இல்லீங்க மாப்ள."

"ஏனுங்க மாமா?"

"ஒடம்பே ஒடம்பத் தாக்கி, கைத்தோலு இறுகிப்போற வியாதியாமா. ரொம்ப அபூர்வமாமா. மாசாமாசம் ஆஸ்பத்திரியில பத்து டாக்டருங்க சுத்தி நின்னு கையப் போட்டோ புடிச்சாங்க."

"காதுப் புண்ணக் காட்டலீங்களா?"

"காட்டறதுக்குத் திரும்புனேன். கைய ஆட்டாதீங்கன்னு சொல்லிப்போட்டாங்க."

"அப்பறம் ஆருங்க கண்டுபுடிச்சது?"

"நம்மூரு சலூன்காரருதான். ஆறு மாசமா ஆறலீங்களே, டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னாரு. வேற ஆஸ்பத்திரியில துளி வெட்டி டெஸ்ட் பண்ணுனா, தோல் கேன்சருங்க."

 "இப்ப அந்தக் கை டாக்டருங்க என்ன சொல்றாங்க?"

"சந்தோசமா இருக்காங்க. ரெண்டும் ஒரே ஆளுக்கு வர்றது இன்னும் அபூர்வமாமா. வெள்ளிக்கெழமை இருவது பேரு பாக்க வர்றாங்க."

"போறீங்களா?"

"போவாம? சலூன்காரரையும் கூட்டிட்டுத்தான் போறேன். பாக்கத் தெரிஞ்சவரு ஒருத்தராச்சும் அங்க இருக்கோணுமுங்கல்ல."