ரோஸ் கலர் டாக்டர்கள்

நாத்தனார்: அண்ணி, கதவைத் திறக்கிறீங்களா, இல்ல உடைக்கவா?

அண்ணி: போடி அந்தப் பக்கம். கோட்டு துவைச்சுக்கிட்டு இருக்கேன்.

நாத்தனார்: இத்தனை மெஷின் இருக்கிற ஆஸ்பத்திரி லாண்டரில, கதவைச் சாத்திக்கிட்டுக் கையால துவைக்கிற ஒரே சூப்பர்வைசர் நீங்கதான்.

அண்ணி: அந்த மெஷின்தானே என் மானத்தை வாங்குச்சு! டாக்டருங்க கோட்டெல்லாம் ரோஸ் கலர்...

நாத்தனார்: நல்லாத்தான் இருக்கு. எலும்பு டாக்டர் அதைப் போட்டுக்கிட்டுப் போனாரு, குழந்தைங்க வார்டுல ஒரே கைதட்டல்.

அண்ணி: சிரிக்காதடி! வெள்ளைத் துணிக்குள்ள என் சிவப்பு சால்வை. வேற யாரு போட்டிருப்பா? நான்தான்.

நாத்தனார்: போட்டது ஞாபகம் இருக்கா?

அண்ணி: அது வந்து...

நாத்தனார்: வந்து?

அண்ணி: யார்கிட்டயும் சொல்லிடாத. கோட்டை அள்ளினது வரைக்கும் தெரியுது. அப்புறம் கண்ணைத் திறந்தா நாற்காலில உக்காந்திருக்கேன், மெஷின் பாட்டுக்கு ஓடுது.

நாத்தனார்: லீவே போடாம மூணு பேரு வேலையை ஒருத்தரா இழுத்தா? உங்க பேரு உங்களுக்கு ஞாபகம் இருக்கே, அதுவே பெருசு.

அண்ணி: மேனேஜர் வரட்டும். இந்தப் பொறுப்புக்கு நான் லாயக்கில்லன்னு சொல்லிட்டுக் கிளம்பப் போறேன்.

நாத்தனார்: அடேங்கப்பா! அன்னைக்கு வார்டு திரைச்சீலையைக் கருக்கின அயர்ன்காரரை என்ன பண்ணீங்க?

அண்ணி: நம்ம வழக்கம்தான். ஸ்டூல்ல உக்கார வச்சு டீ குடுத்தேன். வீட்டுக்குப் போய்த் தூங்குங்கன்னேன்.

நாத்தனார்: அந்த வழக்கத்தைக் கொண்டு வந்தது யாரு?

அண்ணி: நான்தான். அது... வேலை செய்றவங்களுக்கு.

நாத்தனார்: அப்ப நீங்க என்ன, இங்க வேடிக்கை பாக்கவா வர்றீங்க?

அண்ணி: பேச்சை விடுடி. இன்னும் நாலு கோட்டு பாக்கி இருக்கு.

நாத்தனார்: சரி, இதையே உங்க கீழ வேலை பாக்குற நான் பண்ணியிருந்தா?

அண்ணி: நாலு திட்டு திட்டிட்டு, ‘போகட்டும் விடுடி, துணிதானே’ன்னிருப்பேன்.

நாத்தனார்: அதையே உங்களுக்குச் சொல்லிக்குங்க. திட்டை நான் பாத்துக்கிறேன்.

அண்ணி: லூசாடி நீ? எனக்கு நானே...

நாத்தனார்: சொல்லாம நகர மாட்டேன். எங்க அண்ணன் வேற போன் போட்டு, ‘என் பொண்டாட்டி இன்னும் உயிரோட இருக்காளா’ன்னு கேக்குறாரு.

அண்ணி: அந்த மனுஷனுக்கு நக்கலுக்கு ஒண்ணும் குறைச்சல் இல்ல... சரி. போகட்டும்... போகட்டும் விடு. துணிதானே. பாவம் நீயும்தான் எவ்வளவு... ச்சே, அழுகையா வருதுடி.

நாத்தனார்: நல்லா அழுங்க. அந்தக் கோட்டுல மட்டும் மூக்கைச் சிந்திடாதீங்க.

அண்ணி: இந்தா, திறந்துட்டேன். ரெண்டு நாளைக்கு நான் வர மாட்டேன். மேனேஜர்கிட்ட நீயே சொல்லிடு.

நாத்தனார்: சொல்லியாச்சு. கோட்டைக் கெடுத்தது யாருன்னும் சொல்லியாச்சு.

அண்ணி: அடிப்பாவி! என்னைக் காட்டிக் குடுத்துட்டியா?

நாத்தனார்: உங்களை எதுக்கு? நின்னுக்கிட்டே தூங்கினவங்களை நாற்காலில உக்கார வச்சது நான். உங்க கையில இருந்த துணியை அப்படியே வாங்கி, சால்வையும் சேந்து வந்ததைப் பாக்காம மெஷின்ல தள்ளினதும் நான்.

அண்ணி: ஏன்டி இவ்வளவு நேரம் வாயைத் திறக்கல?

நாத்தனார்: முதல்லயே சொல்லியிருந்தா எனக்கு டீ குடுத்து வீட்டுக்கு அனுப்பிட்டு, என் வேலையையும் சேத்து நீங்களே இழுத்துப் போட்டுக்கிட்டிருப்பீங்க அண்ணி!