திரைக்குப் பின்னால் இரண்டு ஜோடி ஸ்பீக்கர்கள்

நவம்பர் ஒன்பது, புதன்கிழமை, காலை பத்து நாற்பது. பெய்வதா வேண்டாமா என்று முடிவெடுக்காத தூறல். விசாரணை அறைக்கு வெளியே, மர பெஞ்சில் நானும் என் மனைவியும் உட்கார்ந்திருக்கிறோம். அவளைப் பற்றிய முடிவு உள்ளே தட்டச்சாகிக்கொண்டிருக்கிறது. கையெழுத்தானதும் கொண்டுவந்து தருவார்கள். அதுவரை இதைச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கூடத்தைப் போன்ற சிறிய அறைக்கு விலை குறைந்த ஸ்பீக்கரே போதுமானது. உயரமான, விலை மிகுந்த ஜோடியை மூலையை ஒட்டி நிறுத்தினால், கனத்த ஒலிகள் சுவரில் மோதித் திரண்டு, பாடுபவரின் குரலை மூடிவிடும். அலமாரியில் நிற்கும் சிறிய ஜோடிக்கு அந்தக் கெடுதல் இல்லை. இதை நான் அன்றே அறிவேன்.

அன்று என்பது ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. எதையும் கருவி வைத்து அளப்பதால் ‘டெசிபல்’ என்று பெயர் பெற்ற என் நண்பன் வீட்டுக்கு வந்திருந்தான். நான் வாங்கியிருந்த உயரமான புதிய ஜோடியையும் பழைய மலிவான ஜோடியையும் ஒரு திரைக்குப் பின்னால் வைத்து, இரண்டின் ஒலி அளவையும் சமப்படுத்தினான். எது ஒலிக்கிறது என்று தெரியாமலே, எது நன்றாக இருக்கிறது என்று என் மனைவி சொல்ல வேண்டும். அவளை நடுவராக்கியது நான்தான். அவள் அவசர உதவி நிலையத்தில் அழைப்புகளை ஏற்பவள். அழுகைக்கும் இருமலுக்கும் நடுவே வரும் தெருப்பெயரைப் பிடித்து, ஆம்புலன்ஸையோ காவலரையோ அனுப்புவது அவள் வேலை. அந்தக் காது என் பக்கம் தீர்ப்புச் சொல்லும் என்று நம்பினேன்.

வரிசையை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டோம். அவள் ஒரு முறைகூடத் தடுமாறவில்லை. ஒரு முறைகூட என் புதிய ஜோடியைத் தேர்ந்தெடுக்கவும் இல்லை.

“இதுல பாடுறவங்க பக்கத்துல உக்காந்திருக்காங்க,” என்றாள். “அதுல கம்பளியப் போத்திக்கிட்டுப் பாடுறாங்க.”

டெசிபல் திரையை விலக்கினான். “அந்தக் கம்பளிக்குத்தான்டா நீ யானை விலை குடுத்திருக்க. அண்ணி தீர்ப்பு சொல்லியாச்சு, மேல்முறையீடு கிடையாது.”

“பாவம், விடுங்க தம்பி. பாக்கறதுக்காவது லட்சணமா இருக்குல்ல? மேல ஒரு பூச்சாடி வைக்கலாம்.”

நானும் சிரித்தேன்.

மறுநாள் மாலை, இன்னொரு முறை கேட்டுப் பார்க்கலாமா என்றேன். இம்முறை ஜோடியை மாற்றும் சுவிட்ச் என் கையில் இருந்தது; எந்த ஜோடி ஒலிக்கிறது என்று அவள் சொல்ல வேண்டும். அவள் சரியாகச் சொன்னாள், தவறு என்றேன். ஒரே ஒரு முறை வெல்ல வேண்டும், அவ்வளவுதான். அவள் புருவம் சுருங்கியது. அந்தச் சுருக்கம் எனக்கு இதமாக இருந்ததால், அடுத்த நாளும் அழைத்தேன். சில மாலைகளில் சுவிட்சைத் தொடவே இல்லை. மாற்றிவிட்டதாகச் சொல்லி, வித்தியாசம் என்ன என்று கேட்பேன்.

“ஒரே மாதிரிதாங்க இருக்கு.”

நான் பெருமூச்சு விடுவேன். இதற்கு ‘விளையாட்டு’ என்று எனக்குள் பெயர் வைத்திருந்தேன். சரியான சொல் எனக்குத் தெரியாமல் இல்லை.

சில வாரங்களில் அவள் காது மருத்துவரிடம் போனாள். ஒரு குறையும் இல்லை என்ற அறிக்கையோடு, நெடுநாளைக்குப் பிறகு சிரித்த முகமாகத் திரும்பினாள்.

“அங்க வெறும் பீப் சத்தம்தான் வைப்பாங்க,” என்றேன். “காதுல விழுதான்னு பாப்பாங்க. விழுந்தத சரியாப் பிரிக்கத் தெரியுதான்னு பாக்க மாட்டாங்க.”

இது ஓரளவு உண்மை. நான் சொன்ன பொய்கள் எல்லாவற்றையும்விட அதிகம் வேலை செய்தது இந்த உண்மைதான்.

அவள் அழைப்பவர்களை, சொன்னதையே திரும்பச் சொல்லவைக்கத் தொடங்கினாள். போன மாதம் ஒரு பெண் அழைத்தாள். பக்கத்து அறையில் இருந்தவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதால் கிசுகிசுத்தாள். முதல் முறையே என் மனைவி முகவரியைச் சரியாகத் தட்டச்சு செய்து, பிறகு அழித்திருக்கிறாள். கணினியில் அது பதிவாகியிருக்கிறது. தன் காதை நம்பாமல், “கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்க” என்றாள். மறுபடியும் கேட்டாள். அந்தப் பெண் சத்தமாகச் சொன்னாள். அதன்பின் இணைப்பு இருந்தது. அவள் குரல் இல்லை. காவலர் போய்ச் சேர்ந்தபோது அவள் உயிரும் இல்லை.

இன்று காலை விசாரணையில் அதிகாரி அந்த அழைப்பை ஒலிக்கவிட்டார். மேசைமேல் இருந்தது கைக்குள் அடங்கும் மலிவான ஸ்பீக்கர். கிசுகிசுப்பின் ஒவ்வோர் எழுத்தும் தெளிவாக விழுந்தது.

“எனக்குத் தப்பாத்தான் கேட்டிருக்கும்னு நெனச்சேங்க,” என்றாள் என் மனைவி, தலையைத் தூக்காமல்.

அதிகாரி, துணைக்கு வந்து அவள் அருகில் உட்கார்ந்திருந்த என்னிடம் திரும்பினார். “டாக்டர் ரிப்போர்ட்ல ஒண்ணும் இல்லையே. வீட்டுல எப்படிங்க?”

குறை எதுவும் இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் தன் காதைச் சந்தேகித்தாள் என்ற கேள்வி வரும்.

“கொஞ்ச நாளாவே இருக்குங்க,” என்றேன். “நானும் பாத்துக்கிட்டுதான் இருக்கேன்.”

வெட்கமாக இருக்கிறது. அவள் பக்கம் திரும்ப முடியவில்லை. எழுந்து போய்க் கதவைத் தட்டினால் போதும், இன்னும் கையெழுத்தாகியிருக்காது. நான் அவள் கையைப் பிடித்துக்கொள்கிறேன். அதை அவள் ஆறுதல் என்று எடுத்துக்கொள்கிறாள்.

“நீங்க மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லலைன்னா,” என்கிறாள், “இன்னும் எத்தன பேருக்கு நான் எமனாயிருப்பேனோ.”

கதவு திறக்கிறது. அதிகாரி தாளை அவளிடம் நீட்டுகிறார். அவள் அதைப் பார்க்காமலே என்னிடம் தருகிறாள்.

“நீங்களே படிங்க. எனக்குக் கண்ண மறைக்குது.”

அழைப்பு ஏற்கும் பணியிலிருந்து நிரந்தர நீக்கம். காரணம், கேட்டதைப் பிரித்தறியும் திறன் குறைவு. ஆதாரம், ஊழியரின் ஒப்புதலும் கணவரின் கூற்றும். கீழே கையெழுத்து.

நான் நிதானமாக, சொல் சொல்லாகப் பிரித்து, வழக்கத்தைவிடச் சற்று உரக்கப் படிக்கிறேன். அவளுக்குக் கேட்க வேண்டுமே.